முடியாத இடைவேளை

சினிமா அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில் இடைவேளைகளை வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று முப்பத்துநான்கு வருடமாக முடியாமல் கிடந்தது. கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. போட்டவர்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே கோதண்டத்தை வரச்சொல்லியிருந்தார்கள்.

டிக்கெட் கவுண்டரின் ஓட்டையில் ஒரு கை மட்டும் இருந்தது.

"என்ன வாங்கப் போனீங்க?" என்று கை கேட்டது.

"முறுக்கு."

"வாங்கினீங்களா?"

"இல்ல. வாசல்ல எங்க மாமா நின்னாரு. அவர் பொண்ணைத்தான் எனக்குப் பேசியிருந்தாங்க. பயத்துல அவர்கூடவே பஸ் ஏறிட்டேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கோதண்டத்துக்கு மாமா.

"வராததுக்கு அத்தாட்சி?"

கோதண்டம் தன் கல்யாணப் போட்டோவை நீட்டினார். கை அதைத் தடவிப் பார்த்தது. சிரிக்கவில்லையே என்று மட்டும் சொல்லி, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தது.

நடைபாதை கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. நடக்க நடக்க நீண்டது. பாதியில் கலராகியது. கோதண்டத்தின் தலை மட்டும் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.

விளக்கு எரிந்த அரங்கில் மரகதம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குத் தெரியாமல் அவர் படத்துக்கு அழைத்து வந்த பெண். அதே இருபத்திரண்டு வயது. பக்கத்து இருக்கையில் அவருடைய கைக்குட்டை கிடந்தது. இவளைப் போய் விட்டுவிட்டோமே என்று நினைத்தார் கோதண்டம்.

டார்ச் லைட்டோடு நின்ற காவலாளி காதருகே வந்தார்.

"கைக்குட்டையை எடுத்தீங்கன்னா மீதிப் படம் ஓடும் சார். பார்த்துட்டு அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகும். வயசும் ஏற ஆரம்பிக்கும்."

கோதண்டம் கையை நீட்டினார்.

"ஆள் வருது பெரியவரே," என்றாள் மரகதம்.

"தெரியும்மா. அந்த ஆள்..."

"பார்த்தீங்களா? கோடு போட்ட சட்டை. முறுக்கு வாங்கப் போனாரு."

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வரமாட்டான் என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டுமே ஒரே ஒரு சொல். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"பார்த்தேன்மா," என்றார். "கடையில ஒரே கூட்டம். வரிசையில நிக்கிறாரு."

காவலாளி டார்ச்சை அணைத்தார்.

"ஐயோ பாவம்," என்றாள் மரகதம். "எவ்வளவு நேரமா நிக்கிறாரோ. கால் வலிக்கும்."