கேட்கும்போது தூங்கும் பேட்டரி

கமலவல்லியிடம் இருப்பது ஐந்து வாட் ஹாம் ரேடியோ. புயலில் செல்போன் டவர்கள் சாய்ந்தாலும் வேதாரண்யத்திலிருந்து திருவாரூருக்குப் பேச அது போதும். பேட்டரிதான் வேண்டும். படகில் கிடந்த ஈய பேட்டரி ஆறு கிலோ கனம் என்று, கணவன் வசந்தகுமார் கைக்கு அடக்கமான பவர் பேங்க் ஒன்றை வாங்கி வந்தான்.

"இத வச்சுக்கிட்டு ரெண்டு நாள் பேசலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை புயல்கால ஒத்திகை. உப்பள வரப்பில் மூங்கிலை நட்டு ஏரியல் கம்பியைக் கட்டினாள். பேசிப் பார்த்தாள், நன்றாகவே போனது. பிறகு திருவாரூரிலிருந்து ஒத்திகையை நடத்தும் மெஹராஜ் பேகம் ஒவ்வொரு ஊராக அழைக்கத் தொடங்க, இவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அரை நிமிடத்தில் ரேடியோ அணைந்தது. பவர் பேங்கின் பொத்தானை அழுத்தினாள்; மறுபடி அணைந்தது. மூன்றாம் முறைதான் விளங்கியது. சும்மா கேட்கும்போது ரேடியோ இழுக்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம். ஏதோ போனுக்கு சார்ஜ் ஏறி முடிந்ததென்று நினைத்து பவர் பேங்க் தானாகவே அணைந்துவிடுகிறது.

மீண்டும் உயிர் வந்தபோது, "வேதாரண்யம் பதில் இல்லை" என்று மெஹராஜ் பேகம் அடுத்த ஊருக்குப் போவது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து பவர் பேங்கைக் கணவன் மடியில் போட்டாள்.

"பேசினா முழிச்சிருக்கு, கேட்டா தூங்கிடுது. புயல்ல கேக்குறதுதாங்க பாதி வேலை."

"அதுக்காக ஆறு கிலோவ நீ தூக்குவியா?"

"நான் எதுக்குத் தூக்கணும்?"

அடுத்த ஞாயிறு அவள் ரேடியோவோடு வரப்பில் முன்னால் நடந்தாள். பின்னால், ஈய பேட்டரியைத் தோளில் சுமந்தபடி வசந்தகுமார்.