பொருநை விடைபெறும் காட்சி

பொருநைக்கு இரண்டு உடம்பு என்று கேட்டதும் சண்முகசுந்தரிக்குச் சிரிப்புதான் வந்தது. தில்லைநாயகம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகு கோபம் வந்தது.

பாளையங்கோட்டையில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தில்லைநாயகம், அந்தப் பரிதாபி வருஷத்து ஆவணியில் ஒரு சின்ன நாடகம் எழுதியிருந்தார். பொதிகை மலையின் மகளான பொருநையாறு கடலரசனுக்கு வாழ்க்கைப்படுகிற கதை. பாட்டும் ஆட்டமும் வசனமும் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடிவர வேண்டும் என்பது அவருடைய ஆசை. சீவலப்பேரியில் நஞ்சையும் நெல் வியாபாரமும் உள்ள கைலாசம் பிள்ளை, தம் மகள் பிரம்மநாயகியின் கல்யாணத்துக்கு அதை மேடையேற்றச் சம்மதித்திருந்தார். ஆடுவதற்குத் திருநெல்வேலியில் சதிராட்டத்தில் பேர் வாங்கியிருந்த சண்முகசுந்தரி. வசனம் பேசுவதற்கு, கம்பெனி நாடகங்களில் பெண் வேஷம் கட்டிக் கட்டி நடையே மாறிப்போயிருந்த முத்துமாலை.

இருவரும் ஒரே பொருநை. முத்துமாலை பேசி அழுது முடிப்பார். மணி அடிக்கும், திரை விழும். அதே பச்சைச் சேலையில் சுந்தரி வந்து ஆடுவாள். மறுபடி மணி, மறுபடி முத்துமாலை.

“சதிர் ஆடுதவ வசனம் பேசுத வழக்கம் கிடையாதுல்லா” என்றார் கைலாசம் பிள்ளை.

“திரை விழுந்து எந்திரிக்கதுக்குள்ள ஒரு பொம்பளை பாதியா மெலிஞ்சு போறது மட்டும் வழக்கமா அண்ணாச்சி?” என்று சுந்தரி கேட்டாள்.

“ஏளா, நான் ஒண்ணும் அம்புட்டுத் தடி இல்ல” என்றார் முத்துமாலை. “சேலை விறைப்பு அப்படிக் காட்டுது.”

எல்லாரும் சிரித்தார்கள். சுந்தரியின் கேள்வி அந்தச் சிரிப்போடு போய்விட்டது. தில்லைநாயகம் அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொருநையின் அழுகை, கோபம், கிண்டல் எல்லாவற்றையும் தன் வாயாலேயே பேச வேண்டும் என்று சுந்தரி ஆசைப்பட்டாள். வேறொருவர் அழுத அழுகைக்குத் தன் காலால் தாளம் போட அவளுக்கு மனம் வரவில்லை. யாரும் கேட்காமலேயே நாடகத்தின் வசனம் முழுவதையும் பாடம் பண்ணிவிட்டாள். கேட்கிற நாள் வரும், வராவிட்டால் வரவழைப்பது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், சீவலப்பேரியில் கைலாசம் பிள்ளையின் நெல் கிட்டங்கியைக் காலி செய்து ஒத்திகை வைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் மனைவி பார்வதியம்மாளும் கல்யாணப் பெண்ணும் பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். பொருநை தாயைப் பிரிகிற காட்சி. முத்துமாலை முந்தானையைத் திருகிக்கொண்டு, குரலை நடுங்கவிட்டுச் சொன்னார்:

“போகின்றேன் தாயே பொதியப் பெருவரையே
சாகரம் சேரத் தடம்பார்த்துப் போகின்றேன்...”

“நிறுத்துங்க” என்று பார்வதியம்மாள் எழுந்தாள். “கல்யாண வீட்டுல ஒரு பொண்ணு ‘போறேன், போறேன்’னு ரெண்டு தரம் சொல்லுதா. வெளங்குமா?”

“ஆறு திரும்பி வராதே அம்மா” என்றார் தில்லைநாயகம். “போறதுதானே நெசம்?”

“நெசத்த உம்ம பள்ளிக்கூடத்துல வச்சுக்கிடும். இங்கன ‘போயிட்டு வாரேன்’னுதான் சொல்லணும்.”

“அது வெண்பா. ‘வாரேன்’னு போட்டா தளை தட்டும்.”

“தட்டுனா என்ன, இடிஞ்சா விழுந்துரும்?”

கைலாசம் பிள்ளை நடுவில் புகுந்தார். “விடுங்க. அந்தக் காட்சியே வேண்டாம். பேச்ச எடுத்துட்டு ஆட்டத்த மட்டும் வச்சுக்கிடுவோம்.”

தில்லைநாயகத்தின் முகம் செத்துப்போயிற்று. அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் நாடகத்தில் மிஞ்சுவது ஒரு கல்யாணக் கச்சேரிதான். சுந்தரி முன்னால் வந்தாள்.

“எடுக்க வேண்டாம் அண்ணாச்சி. அத நான் சொல்லுதேன்.”

“நீ எந்தத் தாய்வீட்ட விட்டுப் போனே, உனக்குத் தெரியதுக்கு?” என்றாள் பார்வதியம்மாள்.

கோயிலுக்குப் பொட்டுக் கட்டிய குடும்பத்துப் பெண்ணைப் பார்த்து எறிந்த கேள்வி அது. சுந்தரிக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை.

“போனதில்ல ஆச்சி. போகப்போறதும் இல்ல. ஆனா எத்தனையோ வீட்டுல பொண்ணு வண்டி ஏறுதவரைக்கும் பக்கத்துல நின்னு பாடியிருக்கேன். ஒரு பொண்ணும் அந்த வார்த்தைய ஒரே மூச்சுல சொன்னதில்ல. ‘போயிட்டு’ங்கும். தொண்டை அடைச்சிரும். ‘வாரேன்’ வெளிய வர நேரமாவும். அந்த நேரத்துலதான் நான் ஆடப்போறேன்.”

முத்துமாலையின் தோளைப் பிடித்து மூலையில் மிஞ்சிக் கிடந்த ஒரு நெல் மூட்டையின் மேல் உட்கார வைத்தாள். “அண்ணே, இப்ப நீங்கதான் என் அம்மை.” மிருதங்கக்காரர் ஐயம்பெருமாளிடம் பைய ஆரம்பிக்கச் சொன்னாள்.

முத்துமாலையின் பாதத்தைத் தொட்டு, நிமிர்ந்து பார்த்து, “போயிட்டு...” என்றாள். குரல் அங்கேயே நின்றது. கால் புறப்பட்டது.

பாறையில் தயங்கினாள், குதித்தாள், வயலுக்குள் வழி கேட்டாள். சீவலப்பேரி வந்ததும் சிற்றாற்றின் கையைப் பிடித்துத் தோழியாகச் சேர்த்துக்கொண்டாள். தங்கள் ஊர் வந்துவிட்டதைக் கண்டு பிரம்மநாயகி சிரித்தாள். கடலோரம் வந்ததும் மிருதங்கம் ஓய்ந்தது. காலை அசைக்காமல் விரல்களை மட்டும் மேலே எழுப்பினாள். ஆவி மேகமாகி, மேகம் மேற்கே நகர்ந்து, விரல் விரலாக முத்துமாலையின் தலைமேல் மழையாக இறங்கியது.

“...வாரேம்மா.”

முத்துமாலை பேச வேண்டிய வசனம் ஒன்று அதற்கப்புறம் இருந்தது. அவர் அதை மறந்து அவள் கன்னத்தை வழித்துத் தம் விரல்களை முத்தமிட்டார்.

கைலாசம் பிள்ளை மனைவியைப் பார்த்தார். பார்வதியம்மாள் மகளின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

“என்னைய ஏன் பாக்கீக?” என்றாள். “பாதி வார்த்தைய அவன் சொல்லி மீதிய இவ சொல்ல முடியுமா? ஒருத்திதான் சொல்லணும். இவளே முழுசா பேசட்டும்.”

“அப்போ முத்துமாலை?”

“எனக்குப் பொதிகை போதும் அண்ணாச்சி” என்றார் முத்துமாலை. “உக்காந்துக்கிட்டே பேசலாம்லா.”

தில்லைநாயகம் தம் ஏட்டில் அந்த வெண்பாவைக் குறுக்காகக் கோடிழுத்து அடித்தார். அதற்கு மேல் ‘போயிட்டு’ என்று எழுதினார். மீதியை எழுத நிறைய இடம் விட்டார்.

“முதக் காட்சியிலேருந்து எடுங்க பண்டிதர்வாள்” என்றாள் சுந்தரி. “எல்லா வசனமும் எனக்குப் பாடம்.”

கடலரசன் வேஷக்காரர் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. அவருடைய வசனத்தைத் தில்லைநாயகமே படிக்க வேண்டியிருந்தது. எழுந்து அவள் எதிரில் நின்றார். ‘உனக்காகவே கரையில் காத்திருக்கிறேன்’ என்று தாமே எழுதியிருந்த வரி, வாயை விட்டு வர மறுத்தது. ஒருவழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார்.

“கேக்கல” என்றாள் சுந்தரி. “கடல் இப்படியா முணுமுணுக்கும்? நிமிந்து பாத்துச் சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்தார்.