தள்ளி நின்னு பேசு

அப்பாவின் உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றக் குனிந்தாள் மகள். அவர் காதுக் கருவி கீச்சென்று கத்தியது. யாராவது காதருகே வந்தால் அது அப்படித்தான்.

"தள்ளி நின்னு பேசு. காதுக்குள்ள எலி கத்துது," என்றார். லேத் பட்டறையில் நாற்பது வருடம் நின்று தொலைத்த காது.

அவளுக்கு மனநல ஆலோசகர் படிப்பில் கடைசிப் பருவம். ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி. கல்லூரிக்கு அனுப்பவேண்டிய தாள் மேசைமேல் கிடந்தது. தன் திறமைக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். 'துயரைக் கேட்டல்': ஐந்துக்கு ஐந்து. 'கடவுள் நம்பிக்கை பற்றிப் பேசுதல்': மூன்று வாரமாகக் காலி.

"பாப்பா, அம்மா இருக்கிற எடத்துக்குத்தானே போறேன்?"

நாற்காலியை இழுத்து, வார்டில் உட்காருவதுபோலவே உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட போவோமான்னு யோசிக்கிறீங்க..."

அப்பா அவளையே பார்த்தார். "எப்பலேர்ந்து நான் 'நீங்க' ஆனேன்? அதுவும் நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்ற."

கால்மாட்டில் இருந்த அத்தை விடவில்லை. "கிளிக்கெல்லாம் பட்டம் குடுக்கிறாங்க போல, அண்ணே."

சிரிக்கப்போய் இருமினார். இருமல் அடங்க வெகுநேரமாயிற்று.

"எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கோ பாப்பா. சத்தமா. எனக்குக் கேக்கணும்."

அம்மா போன நாளிலிருந்து அவள் எதையும் யாரிடமும் வேண்டியதில்லை. நம்பாததைச் சொன்னால் அது பொய். சொல்லாவிட்டால்? நாக்கு பழகிய பாதையிலேயே போயிற்று.

"வேண்டிக்கிட்டா... உங்களுக்கு எப்படி இருக்கும்?"

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"பரவால்ல, விடு," என்றார் அப்பா. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிற்பகல் மூன்றுக்கு மூச்சு நின்றது. அப்போது அவள் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்த அத்தை மூக்கைத் துடைத்தபடி எழுந்தாள். "ஆளுங்களுக்குச் சொல்லிட்டு வரேன். அந்தக் கருவியைக் கழட்டிடும்மா. இனி எதுக்கு?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டும், அத்தை."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மகள் கட்டிலோரம் மண்டியிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முகத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பி, அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

கருவி கீச்சென்று கத்தியது.

அவள் தள்ளிப்போகவில்லை. வெகுநேரம் அது கத்திக்கொண்டே இருந்தது.