பத்து சதவீதம், பதினைந்து நிமிடம்

டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் கார்களுக்கான செயலி எங்களுடையது. அம்மான் நகரில் இருநூறு பேர் அதை நம்பியிருக்கிறார்கள். புது வடிவத்தைக் கிளவுட்டில் ஏற்றிவிட்டு, பழையதற்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடுவது என் வேலை. டெர்மினலில் ஒரே வரிக் கட்டளை. முதலில் நூற்றுக்குப் பத்துப் பேரை அனுப்பு, பதினைந்து நிமிடம் பார், பிழை இல்லையென்றால் எல்லோரையும் அனுப்பு. இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவளும் நானே. அதில் எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்.

ரமலானில் இதற்குத் தோதானது நோன்பு திறக்கும் நேரம் என்று முடிவு செய்திருந்தேன். ஊரே சூப்புக் கிண்ணத்தின் முன்னால் இருக்கும், தொந்தரவு இல்லை. பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு பத்து சதவீதத்தைத் திருப்பினேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன். பிழை பூஜ்யம்.

"எஞ்சினியரம்மா, பிழை இல்ல, சரி. ஆள் எத்தனை பேர் வந்தாங்க?" என்றான் என்னோடு வேலை பார்க்கும் கைஸ், கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

"நீ முதல்ல சூப்பைக் குடி, ஆறிடப் போகுது."

நூறு என்று தட்டி, லேப்டாப்பை மூடிவிட்டுக் கதாயிஃப் இனிப்புத் தட்டுப் பக்கம் போனேன். ஏழரை மணிக்கு போன் அடித்தது.

"மகளே ருதைனா, அபூ நாயிஃப் பேசறேன். கார் கேட்டு இருபது நிமிஷமாச்சு, போன்ல சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. எட்டு மணிக்கு எனக்கு மெஷின்."

"அப்பவே கூப்பிட்டிருக்கக் கூடாதா மாமா?"

"டிரைவர் பையனும் நோன்பு திறக்கணும்ல? நிம்மதியா நாலு வாய் சாப்பிடட்டும்னு இருந்தேன். இப்பத்தான் பயம் வந்துச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

லேப்டாப்பைத் திறந்தேன். திரை முழுக்கப் பிழை. பதிவுகளில் மேலே போய்ப் பார்த்தால், அந்தப் பதினைந்து நிமிடத்தில் புது வடிவத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. ஆளே நுழையாத வாசலில் யாரும் தடுக்கி விழவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே வரியில் எல்லோரையும் பழையதற்குத் திருப்பினேன். அரை நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் கார் கேட்ட பதினேழு பேரின் கோரிக்கையும் தொலைந்துபோயிருந்தது. கைஸ் தன் போனை எடுத்தான். ஓட்டுநர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கிளப்பினான். நான் நோயாளிகளை அழைத்தேன். சத்தம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியாக எடுத்தவர் உம்மு ரகான்.

"கார் கிளம்பிடுச்சும்மா, மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"அவசரமில்ல கண்ணு. அந்தப் பிள்ளை சாப்பிட்டு முடிச்சிட்டே வரட்டும்."

அவருடைய மெஷின் ஏழே முக்காலுக்கு. மணி அப்போது ஏழு நாற்பத்தெட்டு.