மற்ற மூட்டுகள்

“பெயின்டைச் சுரண்டுங்க.”

டில்ஷானி இதைச் சொன்னதும் இரும்பு யார்டில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் ஒன்று நின்றது. பிறகு இன்னொன்றும் நின்றது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி வினோதன் சொல்லிவைத்த விதி ஒன்றே ஒன்றுதான். பூசுவதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் கேள், அளந்து பார், தட்டிப் பார். பூசின பிறகு சுரண்டச் சொல்லக்கூடாது. “கலியாணப் பொம்பிளையை மணவறையில வச்சு முகம் கழுவச் சொல்ற மாதிரி அது” என்று சொல்லிச் சிரித்திருந்தார். அன்று அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். இப்போது அதை நினைக்கத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

இன்று அதைச் சொன்ன நேரமும் பிழை. பக்கத்திலேயே ஆய்வாளர் கிருபாகரன் நின்றுகொண்டிருந்தார். யார்டின் தரச்சான்றிதழைப் புதுப்பிப்பதற்காக வருஷத்தில் ஒருமுறை இங்கே ஒருகொடவத்தைக்கு வருகிறவர். அவருக்காகத் தரையைக் கழுவி, எல்லோருக்கும் புது ஹெல்மெட் கொடுத்து, மதியத்துக்குப் பிரியாணியும் சொல்லியாகிவிட்டது.

கூரைச் சட்டங்கள் சாம்பல் நிறத்தில் பளபளத்துக் கிடந்தன. வத்தளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகிறவை. பின்னேரம் லொறி வரும்.

போன மாதம் அந்தச் சட்டங்களின் குறுக்குக் குழாய்கள் அத்தனையும் அளவு குறைய வெட்டப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தது டில்ஷானிதான். வரைபடம் மாறியதை வெட்டுகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. “எல்லாத்தையும் எறிஞ்சிட்டுப் புதுசு வெட்டுவம்” என்றார் வினோதன். அவளும் நம்பிவிட்டாள். பிறகு டெங்குக் காய்ச்சலில் படுத்து எழும்பி வருவதற்குள் சட்டங்கள் ஒட்டி, பூசி, காய்ந்தும் போயிருந்தன. இன்று காலையில் பழைய இரும்புக் குவியலைப் போய்க் கிளறிப் பார்த்தாள். குட்டையாக வெட்டிய குழாய் ஒன்றுகூட அதில் இல்லை. எறிந்ததாகச் சொன்னது அங்கே இல்லையென்றால் வேறெங்கே இருக்கும்?

சங்கிலி என்ற வெல்டர், கையில் கிரைண்டரோடு முதலாளியைப் பார்த்தார்.

“டில்ஷானி, உள்ளுக்கு வாங்க. இருந்து கதைப்பம்” என்றார் வினோதன்.

“இங்கயே கதைக்கலாம் சேர். சங்கிலி அண்ணே, சுரண்டுங்க.”

“பிள்ளை, இது என்ர சாம்பிள் இல்லை” என்றார் கிருபாகரன் மெல்ல. “நான் காலமையே மூண்டு மூட்டு எடுத்துப் பாத்திட்டன். மூண்டும் திறம்.”

“அந்த மூணையும் உங்களுக்குக் காட்டினது யாரு சேர்?”

கிருபாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கிலி அசையவில்லை. டில்ஷானி அவர் கையிலிருந்த கிரைண்டரை வாங்கித் தானே மூட்டில் வைத்தாள்.

பெயின்ட் புகைந்து போயிற்று. அதன் கீழே வெல்டிங் அழகாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நகத்தின் தடிப்புக்கு இருந்த அந்த அழகு பிய்ந்து போக, உள்ளே ஒரு கம்பித் துண்டு தெரிந்தது. உருகி ஒட்டவேண்டிய இரண்டு இரும்புக்கு நடுவில் விரலளவு இடைவெளி. அதற்குள் கட்டடக் கம்பியை நறுக்கிச் செருகி, மேலே மட்டும் ஒரு பூச்சு. சொத்தைப் பல்லைப் பஞ்சால் அடைத்த மாதிரி. கம்பி எதிலும் ஒட்டவில்லை. விரலால் தள்ளினாள், ஆடியது.

“கண்டீங்களா சேர்?”

“கண்டாச்சு. கண்டா எழுதத்தானே வேணும்.” கிருபாகரன் பசியோடு பேனையை எடுத்தார். “ஆர் வெல்டர்?”

மூட்டின் ஓரத்தில் ஏழு என்று இலக்கம் அடித்திருந்தது. ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் இலக்கம். ஏழு சங்கிலி.

“அவரை இப்பவே நிப்பாட்டுறன்” என்றார் வினோதன். குரலில் கோபம்கூட இல்லை.

“அப்ப சரி. காரணம், வெல்டரின் கவனயீனம். நடவடிக்கை, வேலை நீக்கம். இந்த மூட்டைத் திருத்தி, தரப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டா இண்டைக்கே மூடிடலாம்.”

தரப் பொறுப்பாளர் டில்ஷானி.

“மற்ற மூட்டுகள்?” என்று கேட்டாள்.

“அது உங்கட உள்வேலை பிள்ளை. திரும்பப் பாத்தாச்சு எண்டு ஒரு வரி போட்டா, எனக்குக் காணும்.”

இரண்டு பேரும் பிரியாணிக்குப் போனார்கள்.

டில்ஷானி கொட்டகைக்குப் பின்னால் போனாள். பைப்படியில் சங்கிலி கை கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது தாண்டிய மனுஷன், மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டப் பக்கம். அவளுடைய அம்மாவும் அந்தப் பக்கம்தான். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் படிகளைக் கழுவித்தான் மகளைப் படிக்கவைத்தாள்.

“அண்ணே, உங்க வேல போக விடமாட்டேன். சொல்லித்தான் செஞ்சீங்கன்னு எழுதுவேன்.”

சங்கிலி சிரித்தார். “எந்த வேல மிஸ்? செத்தது ஏழாம் நம்பருங்க. நா ஞாயித்துக்கெழம கழிச்சி பதினொண்ணா வந்துருவேன்.”

“என்ன சொல்றீங்க?”

“போன வருசம் நா மூணாம் நம்பரு. அப்பவும் இதே மாதிரி ஒருத்தரு பாத்துட்டாரு. மூணுக்குக் கருமாதி பண்ணிட்டு ஏழா பொறந்தேன். பதினொண்ணு டுபாய் போன பையனோட நம்பரு. அவன் கார்டுல என் போட்டோவ ஒட்டியாச்சி.” தோளிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்தார். “நீங்க பாட்டுக்கு ஏதாவது எழுதி வச்சிங்கன்னா அந்தப் பதினொண்ணும் போயிரும். என் பேரப் போட்டு முடிச்சி விடுங்க. புண்ணியமாப் போவும்.”

இந்த ஆளுக்காகத்தான் தன் வேலையைப் பணயம் வைக்கப் பார்த்தாளா?

“எத்தன மூட்டுல கம்பி வச்சீங்க?”

“எல்லாத்துலயுந்தான். ஒண்ணுல வச்சி ஒண்ணுல வைக்காம விட்டா சட்டம் கோணிக்கும்ல. அவருக்குக் காட்டின மூணு மட்டும் புதுக் கொழாயி போட்டது, நல்லது.”

“கீழ பிள்ளைங்க ஒக்காருவாங்க அண்ணே. ஒங்க புள்ள அங்க படிச்சா இப்பிடிச் செய்வீங்களா?”

“என் புள்ள மஸ்கெலியாவுல படிக்கிது மிஸ்” என்றார் சங்கிலி. அவருடைய குரலில் குத்தலே இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

கிரேனின் நிழலில் நின்று, சுரண்டியபோது ஃபோனில் எடுத்த மூட்டின் படத்தை வத்தளைப் பள்ளிக்கூடத்தின் கட்டடக் குழுச் செயலாளர் டோரினுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டதாக நீலக் குறி விழுந்ததும் அழைத்தாள். விளக்கிச் சொன்னாள். கோபம் வராமல், நிறுத்தி நிறுத்தி, முழுவதையும் சொன்னாள்.

“மகள், திறப்பு விழாவுக்குக் கார்ட் அடிச்சாச்சு. பிள்ளைகள் வெயில்ல நிண்டு அசெம்பிளி வைக்குதுகள். பழைய கூரையைக் கழட்டிட்டம்” என்றாள் டோரின்.

“இந்தக் கூரை விழும் ஆன்ட்டி. இண்டைக்கு விழாது. ஒரு பெரிய காத்துக்கு, இல்லாட்டி ஒரு மழைக்கு.”

“உங்கட சேர்டிபிகேட் வருந்தானே?”

“அதத் தரமாட்டேன்னுதான் சொல்றேன்.”

டோரின் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அப்ப, வேற யாரும் தருவாங்களா மகள்?”

டில்ஷானி ஃபோனை வைத்தாள். வீட்டில் முதல் முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். பட்டமளிப்பு அன்று அப்பா புறக்கோட்டைச் சந்தையில் தன்னோடு மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு படித்து அவளிடம் சேர்ந்தது ஒரு கையெழுத்துத்தான். இந்த யார்டுக்கும் அவளிடம் தேவைப்பட்டது அது மட்டுந்தான் என்பது இப்போது விளங்கியது. கிருபாகரனுக்கும் டோரினுக்கும் சங்கிலிக்கும்கூட அதுவே தேவை. கூரை நிற்குமா என்று இந்த முழு நாளில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அவள் அலுவலகத்துக்குள் போனபோது பிரியாணி முடிந்திருந்தது. கிருபாகரன் பல் குத்திக்கொண்டிருந்தார். மேசையில் படிவம் தயாராக இருந்தது.

“வாங்க, இருங்க” என்றார் வினோதன். “சாப்பிட்டீங்களா? உங்களுக்கும் ஒண்டு எடுத்து வச்சிருக்கு.”

“மற்ற மூட்டு எல்லாத்தையும் வெட்டித் திறந்து, புதுக் குழாய் போட்டு ஒட்டுவீங்களா சேர்?”

“இரும்பு வர ரெண்டு மாசம். அதுக்கிடையில அவங்கள் ஓடரைக் கென்சல் பண்ணுவாங்கள்.” அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். “இஞ்ச பாருங்க. டொலர் இல்லாம, இரும்பு இல்லாம நாடே படுத்த நேரம் ஒருத்தனையும் நான் நிப்பாட்டயில்ல. என்ட காரை வித்துச் சம்பளம் குடுத்தனான். நான் கெட்டவன் இல்ல, டில்ஷானி.”

“நீங்க கெட்டவரா இருந்தா எனக்கு லேசு சேர்.”

“பிள்ளை சின்ன வயசு” என்றார் கிருபாகரன். “இப்பிடித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்.”

“ஓம், பழகிடும்னுதான் பயமா இருக்கு.” அவள் படிவத்தை அவர் பக்கமாகத் தள்ளினாள். “நான் போட மாட்டேன்.”

“திங்கக்கிழமை வேற ஒரு பிள்ளை வரும்” என்றார் வினோதன். மிரட்டுகிற குரல் இல்லை. விஷயத்தைச் சொல்கிற குரல். “ரெண்டு நிமிசத்தில போடும். உங்களைத்தான் இந்தப் பக்கம் ஒரு யார்டுக்காரனும் எடுக்க மாட்டான். கூரை எப்பிடியும் போகும். பிறகு ஏன் இந்த வேலை?”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதற்கு ஒரு பதிலைத் தேடித்தான் அவள் இங்கே வந்தாள் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் வேறு யாரும் தருவார்களா என்று டோரின் கேட்ட கணத்திலேயே டில்ஷானி முடிவு எடுத்துவிட்டிருந்தாள். வத்தளைப் பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக நிற்கிற தாய்மாரிடம், ஒவ்வொருத்தியிடமும், ஃபோனை நீட்டிப் படத்தைக் காட்டப் போகிறாள். முதல் ஆள் இவளுக்குப் பைத்தியம் என்பாள். இரண்டாவது ஆள், வேலையை விட்டு நிற்பாட்டின கோபத்தில் கதைக்கிறாள் என்பாள். யாராவது பொலிசுக்குச் சொல்லவும் கூடும். கூரை ஏறத்தான் போகிறது. அதெல்லாம் தெரிந்துதான் போகிறாள்.

“வாறன் சேர்” என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. சுரண்டின மூட்டுக்குச் சங்கிலி ஏற்கெனவே மறுபடியும் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். கேட்டில் காவல்காரன் சிங்களத்தில், வெளியே போகும் நேரத்தைப் புத்தகத்தில் எழுதச் சொன்னான். அவள் நிற்காமல் நடந்து, கன்டெய்னர் லொறிகளுக்கு இடையில் வீதியைக் கடந்து, வத்தளை வழியாகப் போகும் நீர்கொழும்பு பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.