நண்டு தின்ற கணக்கு

சோதனைக்காகப் போட்ட அணுகுண்டு வெடித்து, வானத்திலிருந்து வெள்ளைப் பொடி கொட்டிய பிறகு, லிமேராவின் தீவுக்காரர்களை எல்லாம் கப்பலில் ஏற்றி வந்து தூரத்திலிருந்த மஜூரோ தீவில் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஏக்கம். தலைமகளைச் சொந்தத் தீவின் கடற்கரையோரம் புதைத்திருந்தாள். கடைசிக் காலம் அந்த மண்ணில்தான் கழிய வேண்டும்.

இப்போது யார் யார் வீடு திரும்பலாம் என்று பார்க்க, அரசு அனுப்பிய கார்லா வந்திருந்தாள். அங்கே விளைவதைத் தின்றால் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு சேரும் என்று வீட்டுக்கு வீடு கணக்குப் போடுகிறவள்.

"அங்க இருந்தப்போ என்னம்மா சாப்பிடுவீங்க?"

லிமேராவின் முகம் மலர்ந்தது. "தென்னை ஏறித் தேங்காய் தின்னுமே, அந்தத் தேங்காய் நண்டுதான். தினமும். அப்புறம் தாழம்பழம், ஈரப்பலா. மிச்சத்தைப் பன்னிக்குப் போடுவோம்."

"தினமுமா? அப்போ இவளுக்கு ரெண்டு வயிறு," என்றார் பாயில் படுத்திருந்த கணவர் ஜாப்வே.

"நீங்க சும்மா இருங்க."

பேசப் பேச அவளுக்கு வாயூறியது. குழியடுப்பில் வெந்த ஈரப்பலாவின் மணம் மூக்கிலேயே நின்றது. பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை. வெளியாளிடம் தம் மண்ணைக் குறைத்துப் பேசுவது அந்தத் தீவில் வழக்கமில்லை. பெற்றவளைத் தெருவில் நின்று ஏசுவது போல அது.

கார்லா கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள்.

"நண்டுலயும் தாழம்பழத்துலயும்தான் அந்த விஷம் அதிகம்மா. நீங்க சொல்ற அளவு தின்னா வரம்பு தாண்டுது. உங்களை அனுப்ப முடியாது."

ஜாப்வே எழுந்து உட்கார்ந்தார். குரலில் இப்போது கேலி இல்லை.

"உள்ளதைச் சொல்லு லிமேரா. நண்டு கிடைச்சா அன்னைக்கு நமக்குத் திருநாள்."

அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்தாள்.

"எப்பவாவதுதான் நண்டு," என்றாள் கடைசியில். "மழை பொய்ச்சா ஈரப்பலாவும் கிடையாது. பிள்ளைங்க பசியில அழும். கப்பல்ல வர்ற அரிசிதான் காப்பாத்துச்சு."

"இனிமேலும் அரிசியே சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுறேன்."

கார்லா மறுபடி கணக்குப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "வரம்புக்குள்ள வந்துடுச்சு. நீங்க போகலாம்மா."

ஜாப்வே மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "வீட்டுக்குப் போறோம். அதுக்கு ஏன் அழுற?"

"இறங்கினதும் முதல்ல அந்த மண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்," என்றாள் லிமேரா. "பட்டினி போட்ட தீவுன்னு வெளியாள்கிட்ட சொல்லிட்டேனே."