வாய்க்கால் கரை நார்த்தை

பாபநாசத்தில் வீட்டு மாடியில் வானதி கப்பல் மாதிரிகள் செய்துவந்தாள். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று தன் புது அலுவலகத்துக்காக மூன்று பாய்மரம் கொண்ட கப்பல் ஒன்றைக் கேட்டிருந்தது. ஜூலை பத்தாம் தேதி அது பெட்டியில் ஏற வேண்டும். கப்பலின் இடப்பக்கம் முழுக்கப் பலகை ஒட்டி முடித்தபோது கையிலிருந்த நார்த்தைக் கட்டை தீர்ந்துபோனது. வலப்பக்கம் சட்டங்கள் தெரிய மொட்டையாக நின்றது.

தேக்கு போதாதா என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவினால் தேக்கின் ரேகைகள் அந்தச் சின்னக் கப்பலில் வாய்க்கால் வாய்க்காலாகத் தெரியும். எலுமிச்சை, நார்த்தை மாதிரிப் பழமரங்களில்தான் ரேகை கண்ணுக்குத் தெரியாமல் நெருக்கமாக ஓடும். ஆனால் பச்சை மரத்தை அறுத்தால் காய ஒரு வருடமாகும், அவசரப்படுத்தினால் வெடிக்கும். நின்றபடியே காய்ந்த மரமாகத்தான் பார்க்க வேண்டும். திருவையாற்றுத் தோப்புகளில் பத்து நாள் அலைந்தும் பூச்சி அரித்த கொய்யாதான் அகப்பட்டது.

கடைசியில் குத்தாலத்துக்குப் பக்கத்தில் கண்ணாத்தாளின் கொல்லையில், வாய்க்கால் கரையோரம் இரண்டு வருடமாகப் பட்டுப்போய் நின்ற ஒரு நார்த்தையைக் கண்டுபிடித்தாள். கண்ணாத்தாள் தர மறுத்துவிட்டாள். ஊரார் நிலத்தில் நாற்பது வருடம் நடவு நட்டவள் அவள். அந்த அரை ஏக்கர்தான் முதன்முதலாக அவள் பெயரில் பட்டா ஆனது. வாய்க்காலைத் தூர்வார வந்தவர்கள், அவள் வேலி புறம்போக்கில் இருக்கிறது என்றார்கள். நார்த்தை வரைக்கும் தன் இடம் என்று தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் மனு கொடுத்துவிட்டுச் சர்வேயருக்காகக் காத்திருந்தாள். அவர் வருகிறவரை மரத்தில் ஒரு சுள்ளிகூட ஒடியக்கூடாது.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை கண்ணாத்தாளே போன் செய்தாள். மேட்டூர் அணை திறக்குமுன் தூர்வாரி முடிக்க வேண்டுமாம், ஜே.சி.பி. பக்கத்து ஊர் வரைக்கும் வந்துவிட்டதாம். சர்வேயர் பதினொரு மணிக்கு என்கிறார். அதற்குள் மண்ணோடு மரத்தையும் அள்ளிவிட்டால் என்ன செய்வது? தனியாக நிற்கப் பயமாயிருக்கிறது, படித்த பெண் பக்கத்தில் இருந்தால் தேவலை என்றாள். வானதி கைரம்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அந்த ரம்பத்தை எடுத்தது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அவள் போனபோது மணி எட்டரை. வயல்களுக்கு அப்பால் இயந்திரத்தின் உறுமல் கேட்டது. கண்ணாத்தாள் நிலத்தின் அளவுகள் குறித்த புலப்படத்தின் நகலைக் கொண்டுவந்து காட்டினாள். மதகடியில் ஒரு சர்வே கல், மேற்கே பக்கத்து வயல் மூலையில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எல்லை நேர்கோடு. படத்தில் எழுதியிருந்த அளவுகளைச் சரிபார்த்து, வானதி கல்லுக்குக் கல் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினாள். கயிறு மரத்துக்கு இந்தப் பக்கம் விழுந்தது. மரம் ஒன்றரை அடி வெளியே நின்றது.

மரம் கண்ணாத்தாளுடையது இல்லை. வானதிக்கு வேண்டியபடியே கணக்கு வந்திருக்கிறது. கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அதே ஒன்றரை அடி. வாயைத் திறக்காமல் சர்வேயருக்கு விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நின்றாள். ஆனால் வேலியோரம் கோழிக்கூண்டும், மோட்டாரிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயும் அந்தக் கயிற்றுக்கு வெளியேதான் இருந்தன.

சொன்னாள்.

கண்ணாத்தாள் கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தாள். "மரம் வேணுங்கிறதுக்காகச் சொல்றியாம்மா?"

"மரம் வேணும்தாங்க்கா. அதனாலதான் ரெண்டு தடவை அளந்தேன்."

கண்ணாத்தாள் வேலிக் கம்பியைப் போய் இழுக்க ஆரம்பித்தாள். வானதிக்கு மரத்தடிக்கு ஓட வேண்டும்போலிருந்தது. இருந்தும் கம்பியின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாகக் கம்பியைச் சுருட்டி, கூண்டைத் தூக்கி உள்ளே வைத்து, குழாயைக் கழற்றி முடிக்கும்போது ஜே.சி.பி. மதகடிக்கு வந்துவிட்டது. சற்றுப் பின்னால் சர்வேயரும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் சங்கிலிக்கும் அதே ஒன்றரை அடிதான் வந்தது. கண்ணாத்தாள் தலையை ஆட்டினாள். எல்லையில் கல் நடச் சொல்லி, நட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

வானதி டிரைவரிடம் பத்து நிமிடம் கேட்டாள். ஐந்துதான் தர முடியும் என்றான். காய்ந்த நார்த்தை இரும்பு மாதிரி இருந்தது. ரம்பம் பாதிகூடப் போகவில்லை. அதைப் பார்த்துக் கண்ணாத்தாள் வந்து ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். அப்படியும் நேரம் போதவில்லை. இயந்திரத்தின் வாளி ஒரு தள்ளு தள்ளியதும் மரம் முறிந்தது. மேல்பாகம் நெடுக்கப் பிளந்து வீணாயிற்று. அடிப்பாகம் மூன்றடி மட்டும் முழுசாகக் கிடைத்தது.

"எடுத்துட்டுப் போ. நீ முன்னாடியே சொல்லலேன்னா என் குழாயெல்லாம் இப்ப மண்ணுக்குள்ள கெடந்திருக்கும்" என்றாள் கண்ணாத்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

கட்டைக்குள் பூச்சி இருக்குமோ, முறிந்த அதிர்ச்சியில் உள்ளே விரிசல் ஓடியிருக்குமோ என்று பஸ்ஸில் வழிநெடுக மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். பட்டறையில் முதல் வெட்டு விழுந்ததும் வெளிர் மஞ்சளாக, வழவழவென்று மரம் திறந்தது. நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. அதைத் தள்ளியதுபோக முப்பத்தேழு பலகை தேறியது. அவளுக்கு வேண்டியது முப்பத்துநான்கு.

ஜூலை ஒன்பதாம் தேதி பெட்டிக்கு ஆணி அடித்த பிறகு கண்ணாத்தாளுக்குப் போன் செய்தாள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம், நாற்றங்காலில் நிற்கிறாளாம். கப்பலைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. புது வேலிக்குக் கம்பி பத்தவில்லை, பாபநாசத்தில் நல்ல கம்பி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டாள். வானதி தானே வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.